ஆடிப்பட்டம் இல்லாத ஊரில் வீட்டுத் தோட்டம்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலோ கிள்ளான் தாமானிலோ செடி வளர்க்க நினைக்கும் தமிழருக்கு இன்று ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியைத் திறந்தால் கோயம்புத்தூர் மாடித்தோட்டக்காரர் ஒருவர் ஆடிப்பட்டத்துக்கு என்ன விதைக்கலாம் என்று விளக்குகிறார். அடுத்த காணொளியில் இங்கிலாந்துப் பெண்மணி ஒருவர் பனிக்காலத்துக்கு முன் தொட்டிகளை வீட்டுக்குள் எடுத்து வைக்கச் சொல்கிறார். இருவரும் தத்தம் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். நம் ஊர் வேறு. தமிழ்நாட்டுத் தோட்டக்காரரின் கவலையெல்லாம் தண்ணீரை எப்படிச் சேர்த்து வைப்பது என்பது. கிள்ளான் பள்ளத்தாக்கில் செடி வளர்ப்பவர் முதலில் கற்க வேண்டியது தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்பது. இதைப் பிடித்துக்கொண்டால் மண், தொட்டி, உரம், கொசு என்று மற்றக் கேள்விகளில் பலவற்றுக்கும் இங்கிருந்தே பதில் கிடைத்துவிடும்.

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2400 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் சுமார் 1400 மி.மீ.; மதுரையில் அதைவிடக் குறைவு. அளவைவிட முக்கியம் அது விழும் விதம். சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் வானம் வறண்டு கிடக்கும். இங்கே ஏப்ரலை ஒட்டியும் நவம்பரை ஒட்டியும் இரண்டு உச்சம். ஜூன், ஜூலையில் கொஞ்சம் தணியும். முழுக்க வறண்ட மாதம் என்று வழக்கமாக ஒன்றும் கிடையாது. காலையில் சுள்ளென்று வெயில், பிற்பகலில் இடியோடு மழை, இரவெல்லாம் ஈரக்காற்று. இலை காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. பூஞ்சணம் அதனால்தான் இவ்வளவு எளிதாகப் பிடிக்கிறது.

ஊரிலிருந்து வந்த நினைவோடு நாம் ஆசையாக நடும் மரங்கள் சில இங்கே ஏமாற்றுவதற்கும் இதுவே காரணம். மாமரம் பூப்பதற்கு முன் சில வாரம் காய்ச்சல் வேண்டும். அந்த வறட்சிதான் தளிர் விடும் மரத்தைப் பூக்கத் திருப்புகிறது. மலேசியாவின் பேர்போன ஹாருமானிஸ் மாம்பழம் வடகோடியில் உள்ள பெர்லிஸில் விளைவதற்குக் காரணம், அங்கே ஆண்டுத் தொடக்கத்தில் தெளிவான வறண்ட பருவம் இருப்பதுதான். ஷா ஆலாமில் அதே கன்றை நட்டால் மரம் பச்சைப்பசேலென்று வளரும்; பூ வந்தாலும் மழையில் கருகி உதிரும். முருங்கையும் அப்படித்தான். நீர் தேங்கினால் வேர் அழுகும். தேங்காவிட்டாலும் காய்ப்பு குறைவு. ஆகவே இங்கே முருங்கையைக் கீரை மரமாக நினைத்துக்கொள்வது நல்லது. நெஞ்சளவுக்கு வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் கைக்கெட்டும் உயரத்தில் ஆண்டு முழுக்கத் தளிர் கிடைக்கும். காயைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது மண். தீபகற்பத்தின் உள்நிலத்தில் பெரும்பகுதி மழையால் கழுவப்பட்ட செம்மண், மஞ்சள் மண், புளிப்பு மிகுந்தது. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் வடிந்துபோய், பிஎச் அளவு ஐந்தை ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கும். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் களிமண் மிகுதி. 1881-இல் தீயாலும் வெள்ளத்தாலும் கோலாலம்பூர் அழிந்தபின் நகரத்தைச் செங்கல்லால் எழுப்ப முடிவானபோது, சூளைகள் எழுந்தது இங்கேதான். சூளைக்கு வாகான களி வேருக்கு வாகானதல்ல. கிள்ளானின் கரையோரப் பகுதிகளில் கடல் களிமண்ணும் புளித்த சதுப்பும் உண்டு. தென்னை தாங்கும், கத்தரியும் வெண்டையும் மேடு கட்டாமல் வராது. இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது வரிசை வீடுகளின் வாசலில் இருக்கும் மண். அது பெரும்பாலும் கட்டுமானக்காரர் கொட்டி இறுக்கிய அடிமண். ஒரு முழம் தோண்டினால் ஓட்டுத்துண்டும் சிமெண்டுக் கட்டியும் வரும். அந்த இடத்தைத் தோண்டிப் பண்படுத்த முயல்வதைவிட, செங்கல் வரிசை ஒன்று கட்டி அதன்மேல் ஓரடி புது மண் நிரப்புவது எளிது.

தொட்டிக்கு மண் கலக்கும் விஷயத்தில்தான் இந்திய ஆலோசனை நம்மை அதிகம் வழிதவறச் செய்கிறது. அங்கே தென்னைநார்த் தூளை ஏராளமாகச் சேர்க்கச் சொல்வார்கள். ஈரத்தைப் பிடித்து வைப்பதால் வறண்ட ஊரில் அது வரம். மழையில் திறந்து கிடக்கும் தொட்டியில் அதே தூள் வாரக்கணக்கில் சொதசொதவென்று கிடந்து வேரை மூச்சுமுட்ட வைக்கும். இங்கே தாராளமாகச் சேர்க்க வேண்டியது கருக்கிய நெல் உமி. கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் என்று நெல்வயல்கள் இருப்பதால் மலிவாகக் கிடைக்கிறது. செம்மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு என்ற கலவை பெரும்பாலான செடிகளுக்குப் போதும். கூரைக்கு அடியில், மழை படாத பால்கனியில் இருக்கும் தொட்டிக்கு மட்டும் உமியில் பாதியைக் குறைத்துத் தென்னைநார் சேர்க்கலாம். கலவை சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நிரப்பிய தொட்டியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் மேலே தேக்கமில்லாமல் இறங்கி, அடியில் சொட்ட வேண்டும். இறங்கத் தயங்கினால் உமி போதவில்லை. தொட்டியை நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் ஏற்றி வைத்தால் அடித்துளை அடைபடாது.

புளிப்பை முறிக்க விவசாயக் கடைகளில் விற்கும் மக்னீசியச் சுண்ணாம்புத் தூளை இருபது லிட்டர் தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து, ஓரிரு வாரம் ஆறவிட்டு நடலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். அது வேரைச் சுடும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவதில் தவறில்லை, ஆனால் அது கரைய மாதக்கணக்காகும். ரசாயன உரம் இடுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதம் ஒருமுறை அள்ளிப் போட்டால் அதில் பெரும்பகுதி அடுத்த மழையில் சாக்கடைக்குப் போய்விடும். இலைக்குப் பச்சை நிற 15-15-15, பூவுக்கும் காய்க்கும் நீல நிற 12-12-17-2 என்று கடையில் கிடைக்கும் எதுவானாலும், பத்து நாளுக்கு ஒருமுறை தேக்கரண்டி அளவு போதும். கோழி எருவை நன்றாக மக்கவிடாமல் போட்டால் வேர் கருகுவதோடு ஈயும் மொய்க்கும். அடுக்குமாடியில் அண்டை வீட்டாரின் பொறுமையும் அதோடு தீர்ந்துபோகும்.

வெயிலைப் பற்றி நம் வீடுகளில் ஒரு கணக்கு விடுபட்டுப்போகிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையில் இருக்கிறது. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 20 நிமிடம்தான். ஆனால் சூரியன் போகும் பாதை மாறுகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அது நம் தலைக்கு வடக்கே ஓடும். மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே வடக்குப் பார்த்த பால்கனியில் ஜூன் மாதம் செழித்து நின்ற மல்லிகை டிசம்பரில் மொட்டே விடாமல் நின்றால் உரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்போது வெயில் வீட்டின் மறுபுறத்தில் விழுகிறது. தொட்டியை நகர்த்தத்தான் வேண்டும். கிழக்குப் பார்த்த பால்கனியே இந்த ஊரில் பாக்கியம். இங்கே காலை வானம் தெளிந்தும் பிற்பகல் வானம் மேகமூடியும் இருப்பது வழக்கம். அதனால் காலை வெயிலை நம்பலாம். மேற்கு வெயிலை மழை தின்றுவிடும், மிஞ்சியது சுவரைக் கொதிக்க வைக்கும். இன்னொன்று: 1982-இல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியதிலிருந்து இங்கே உண்மையான உச்சிப்பொழுது ஒன்றே கால் மணி வாக்கில் வருகிறது. தண்ணீர் ஊற்ற காலை ஒன்பது வரை நேரம் இருக்கிறது. மாலையில் இலைமேல் தெளித்து ஈரத்தோடு இரவைக் கழிக்கவிடுவது நல்லதல்ல.

நம் வீடுகளில் தவறாமல் இருப்பது கறிவேப்பிலை. அதில் ஏறும் புழுவைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இளம்புழு இலைமேல் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். பழுப்பும் வெள்ளையுமாக, அசையாமல். பெருத்தபின் பச்சையாகி இலையோடு கலந்துவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற ஒன்றை நீட்டி நாறும். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் பிள்ளை அது. மூன்றடிச் செடியை ஒரு வாரத்தில் குச்சியாக்கும். மருந்து தேவையில்லை. தினமும் இலையைப் புரட்டிப் பார்த்துக் கையால் எடுத்தால் போதும். சமையலுக்குக் கிள்ளுகிறவர் கண்ணில்தான் அது முதலில் படும். இதைவிடப் பெரிய தொல்லை, தளிரில் ஒட்டியிருக்கும் எள்ளினும் சிறிய சாறுண்ணி ஒன்று. அது கறிவேப்பிலையிலும் வேலிக்கு நடும் கெமுனிங் செடியிலும் பெருகி, பக்கத்தில் நிற்கும் லிமாவ் கஸ்தூரிக்கும் எலுமிச்சைக்கும் தாவும். எலுமிச்சைக் குடும்பத்தைக் கொல்லும் பசுமையாக்க நோயைப் பரப்புவது இதுதான். நோய் வந்த மரத்துக்குச் சிகிச்சை இல்லை. சின்ன வாசலில் கறிவேப்பிலை, கெமுனிங், லிமாவ் மூன்றையும் நெருக்கி நடுவது ஆகாது என்பது என் முடிவு. இடம் ஒன்றுக்குத்தான் என்றால் கறிவேப்பிலையை வைத்துக்கொள்ளுங்கள். லிமாவ் கஸ்தூரி எந்தப் பசாரிலும் கிடைக்கும்.

துளசிக்கு மழையே எமன். கூரை விளிம்புக்குச் சற்று உள்ளே, வெயில் மட்டும் படும்படி வைத்து, பூக்கதிரைக் கிள்ளிக்கொண்டே வந்தால் நெடுநாள் நிற்கும். விதை முற்றவிட்டால் செடி தன் வேலை முடிந்ததென்று காயத் தொடங்கும். தக்காளியில் பெரிதாக மனத்தைச் செலுத்த வேண்டாம். நம் இரவுகள் அதற்கு வெப்பம் கூடியவை, பூ உதிரும். மண்ணில் இருக்கும் வாடல் நோயும் சேர்ந்தால் காலையில் நிமிர்ந்து நின்ற செடி மாலையில் சரிந்துவிடும். கேமரன் மலையில் விளைவதைப் பார்த்து இங்கே முயல்வதில் பலனில்லை. கத்தரிக்கும் அதே வாடல் நோய் வரும், ஆனால் அதற்கு அருமையான மாற்று உண்டு. வேலியோரம் தானாக முளைக்கும் சுண்டைக்காய்ச் செடியின்மேல் கத்தரியை ஒட்டுக் கட்டலாம். சுண்டையின் வேர் அந்த நோயைத் தாங்கும். செடியும் நீண்டகாலம் காய்க்கும். பென்சில் தடிப்புத் தண்டை ஆப்பு வடிவில் சீவிச் செருகி, மெல்லிய நெகிழித் துண்டால் சுற்றி, ஒரு வாரம் உறைபோட்டு நிழலில் வைத்தால் பிடித்துவிடும்.

இந்த மண்ணுக்கு ஏற்ற கீரைகளை நாம் இன்னும் போதிய அளவு நம் தோட்டத்துக்குள் கொண்டுவரவில்லை என்பதே என் ஆதங்கம். மலாய்க்காரர் வீட்டு உலாமில் இருக்கும் பெகாகா நம் வல்லாரைதான். பால்கனியில் அரைநிழலில் படர்ந்து கிடக்கும். புங்கா தெலாங் நம் சங்குப்பூ. செக்கூர் மானிஸை ஊரில் தவசிக்கீரை என்பார்கள். ஒரு குச்சியை ஊன்றினால் போதும், அரைநிழலிலும் வரும். காங்கோங் தண்ணீர் தேங்கும் இடத்திலேயே செழிக்கும். வடியாத மூலை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் அது காங்கோங்குக்கு. தவசிக்கீரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அதைச் சமைத்தே உண்ண வேண்டும். 1990களில் தைவானில் உடல் இளைப்பதற்காக அதன் பச்சைச் சாற்றை நிறையக் குடித்தவர்களுக்கு நுரையீரல் மீளாத அளவுக்குக் கெட்டது. பொரியலாகவோ முட்டையோடு வதக்கியோ உண்பதே நம் வழக்கமும் மலாய் வழக்கமும். அதை மாற்ற வேண்டியதில்லை.

மழை ஓய்ந்த இரவில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் வெளிவரும். வெறுங்கையால் எடுக்காதீர்கள். அவை சுமக்கும் ஒருவகைப் புழு மனித மூளையின் உறையைத் தாக்கக்கூடியது. அதனால் பச்சையாக உண்ணும் கீரையை இலை இலையாகக் கழுவ வேண்டும். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடிப்பது பயன் தரும். மழை அதைக் கழுவிவிடும் என்பதால் மூன்று நாளுக்கொருமுறை திரும்ப அடிக்க வேண்டும்.

தொட்டியின் அடித்தட்டு பற்றி இந்த ஊரில் வேறு எதையும்விட அழுத்திச் சொல்ல வேண்டும். நாட்டின் டெங்கிக் கணக்கில் சிலாங்கூர் ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்கிறது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தட்டில் தேங்கும் இரண்டு விரற்கடைத் தண்ணீர் அதற்குத் தாராளம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அன்னாசி இனத்து அழகுச் செடிகளின் இலைக்குழியிலும், வெட்டிய மூங்கில் கணுவிலும், அடைந்த கூரைக் கால்வாயிலும் நீர் நிற்கும். நோய்பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொசுப்புழு கண்டால் வீட்டுக்காரருக்கு அபராதம் உண்டு. அபராதம் கிடக்கட்டும், பக்கத்து வீட்டுக் குழந்தை மருத்துவமனையில் படுப்பதற்கு நம் ரோஜாத் தொட்டி காரணமாகக் கூடாது. என்னைக் கேட்டால் அடித்தட்டே வேண்டாம் என்பேன்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு கடமை உண்டு. 2018 ஜனவரியில் பந்தாய் டாலாமில் ஒரு மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடியின் மேலிருந்து விழுந்த நாற்காலி 15 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. பால்கனிக் கைப்பிடிமேல் தொட்டி வைப்பவர்கள் அதை நினைவில் கொள்ள வேண்டும். கைப்பிடிக்கு உட்புறம், தரையில் அல்லது சுவரோடு இறுக்கிய சட்டத்தில் மட்டுமே வைக்கலாம். எடையும் உண்டு: நனைந்த மண் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் கனக்கும், நாற்பது லிட்டர் தொட்டி ஒன்று ஓர் ஆளின் எடையை நெருங்கும்.

செடி வாங்கப் போகும் இடங்களில் சுங்கை பூலோவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தெரிந்துகொண்டு போவது மரியாதை. 1930-இல் அங்கே தொழுநோயாளர்க்கென்று ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. மருத்துவர் டிராவர்ஸ், சிறைபோன்ற பழைய கொட்டடிகளுக்குப் பதில் வீடும் தோட்டமுமான ஊர் ஒன்றை அவர்களுக்காக அமைக்க வாதாடியவர். ஆயினும் சட்டம் அவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்தே வைத்தது. பின்னாளில் மருந்து வந்து நோய் தீர்ந்தபோது பலருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. அங்கேயே தங்கி, தங்கள் வீட்டைச் சுற்றியிருந்த நிலத்தில் பூச்செடி வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் வாசல்களில் நிற்கும் எத்தனையோ செடிகள் அவர்கள் கைபட்டு வந்தவை. 2007-இல் குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியைச் சுற்றி இன்றும் சாலையோரம் நாற்றுக் கடைகள் நிற்கின்றன. அங்கே வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்காமல் தொட்டியின் அடித்துளையைப் பார்க்க வேண்டும். வேர் வெளியே சுருண்டு வந்திருந்தால் செடி நெடுநாளாக அடைபட்டிருக்கிறது. கேமரன் மலையிலிருந்து இறக்கிய செவ்வந்தியும் ரோஜாவும் பூத்துக் குலுங்கும். நம் இரவுச் சூட்டில் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கெலாடியும் மொன்ஸ்டெராவும் நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்கு விலைபோனதைப் பலர் பார்த்திருப்போம். அந்த வேகம் தணிந்துவிட்டது. அப்போது மண்ணைத் தொடப் பழகியவர்களில் பலர் இன்னும் விடவில்லை. எனக்கு மகிழ்ச்சி தருவது அதுதான்.

வாசலே இல்லாதவர்கள் என்ன செய்வது? நம் பெரியவர்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டின் பின்புறம் கீரையும் அவரையும் போட்டவர்கள். ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கால் உயிர் காத்தவர்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது அந்தக் குடும்பங்களில் பல, பிடி மண் இல்லாத அடுக்குமாடிகளுக்கு ஏறின. 1970களின் நடுவில் துன் ரசாக் அரசு பச்சைப் புத்தகத் திட்டத்தின் மூலம் வீட்டைச் சுற்றிக் காய்கறி போடச் சொன்னது. அதற்கும் நிலம் வேண்டும். 2017-இல் நிலவடிவமைப்பாளர் இங் செக் சான் முன்னின்று பங்சாரில் தொடங்கிய கெபுன் கெபுன் பங்சார் ஒரு வழியைக் காட்டியது. உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் வீடு கட்ட முடியாத சரிவு ஒன்றை, தன்னார்வலர்கள் காய்கறியும் பழமும் விளையும் தோட்டமாக்கினார்கள். குடியிருப்பாளர் சிலரின் எதிர்ப்பும் நில உரிமைச் சிக்கலும் அதைத் தொடர்ந்தன. மின்கம்பிப் பாதைகளில் வாழையும் மரவள்ளியும் போடுகிற எல்லோருக்கும் உள்ள நிச்சயமின்மை அது. அடுக்குமாடிகளின் அடித்தளத்தில் சும்மா கிடக்கும் புல்தரையைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, குறைந்தது ஐந்தாண்டு எழுத்து உறுதியோடு குடியிருப்பாளர்களுக்குக் கொடுக்க மாநகர மன்றங்கள் முன்வர வேண்டும். அடுத்த மாதம் பிடுங்கச் சொல்வார்களோ என்ற அச்சத்தில் யாரும் மண்ணைப் பண்படுத்த மாட்டார்கள்.

விதையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஊருக்குப் போய்வரும்போது பெட்டியில் விதையும் கன்றும் மறைத்துக் கொண்டுவரும் வழக்கத்தை விட வேண்டும். அனுமதியில்லாமல் கொண்டுவருவது சட்ட மீறல். கன்றின் வேரோடு ஒட்டி வரும் நோய் இங்குள்ள தோட்டங்களைப் பதம் பார்க்கும். உள்ளூரில் கிடைக்கும் வெண்டை, பாகல், புடல், கத்தரி விதைகளே இந்த ஈரத்துக்குப் பழகியவை. நன்றாக விளைந்த செடியில் ஒரு காயை முற்றவிட்டு, விதையை நிழலில் உலர்த்தி, மூடி இறுகிய புட்டியில் வறுத்த அரிசி கொஞ்சம் போட்டு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே வைத்தால் இந்தக் காற்றின் ஈரத்தில் சில மாதத்திலேயே முளைப்புத் திறன் போய்விடும். விதைப்பதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பார்க்கலாம். ஒரு வாரத்தில் ஆறேழு முளைத்தால் அந்தப் புட்டியை நம்பலாம். மூன்றோ நான்கோதான் என்றால் குழிக்கு மூன்று விதையாகப் போட்டு, அந்த விளைச்சலிலேயே புது விதை எடுத்துக்கொள்ள வேண்டும்.